திறவாத இடப்பக்கக் கதவு

பழைய கார் ஒன்றில் ஏறப் போகிறவர்களுக்கு, ஏறுமுன்பே ஓர் எச்சரிக்கை கிடைப்பது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. "அந்தக் கதவு திறக்காதுங்க, இந்தப் பக்கமா வாங்க" என்பார் உரிமையாளர்; ஏற வந்தவரும் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், உள்ளே இருப்பவரை நகரச் சொல்லி நுழைந்துகொள்வார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிற நாம், நான்கு கதவுகளில் ஒன்று செயலற்றுப் போனதை மட்டும் மாதக்கணக்கில், சில வேளைகளில் வருஷக்கணக்கிலும், பொறுத்துக்கொள்கிறோம். இந்தப் பொறுமை ஆபத்தானது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு நான் வந்து சேரக் காரணமாயிருந்தவர் என் தாயார்.

எங்கள் காருக்குப் பதினெட்டு வயது. சென்ற ஐப்பசி மழையில் அதன் பின்பக்க இடக் கதவு, சாவியிலுள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே அரைகுறையாய் ஒரு 'டக்' சத்தத்தை எழுப்புவதோடு சரி, வெளிப்பிடியை இழுத்தாலும் உட்பிடியை இழுத்தாலும் திறக்க மறுத்தது. மற்ற மூன்றும் திறக்கின்றனவே என்று நானும் எல்லோரையும் போல இருந்துவிட்டேன். எழுபத்தெட்டுப் பிராயமான அம்மாவை ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, நடைபாதைப் பக்கத்துக் கதவு திறவாத காரணத்தால், அவர் இருக்கையில் கையூன்றி நகர்ந்து நகர்ந்து வலப்பக்கம் வந்து, பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் உரசிக்கொண்டு விரைகிற சாலையிலே காலை வைக்கும்படி ஆயிற்று. அந்தக் கணத்தில் ஒரு ஷேர் ஆட்டோ அவருடைய புடவைத் தலைப்பைத் தொட்டும் தொடாமலும் கடந்து போயிற்று. "ஏம்ப்பா, அந்தக் கதவைச் சரி பண்ணிடக் கூடாதா?" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

இடப்பக்கமாக வண்டியோட்டும் நம் நாட்டில் கர்ப்பிணியும் முதியவரும் பள்ளிக் குழந்தையும் பத்திரமாக இறங்குவதற்கென்று இருப்பது அந்த இடப்பக்கக் கதவுதான். அது அடைபட்டுவிட்டால் இறங்குபவரின் உயிர், பின்னால் வருகிறவரின் கவனத்தை நம்பியிருக்க வேண்டியதாகிறது. வண்டிக்குள் புகை மண்டினாலோ வெள்ளம் சூழ்ந்தாலோ என்னவாகும் என்று தனியே விவரிக்கத் தேவையில்லை; 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற கார்களைக் கண்டவர்களுக்கு அது தெரியும்.

பொத்தான் ஒன்றால் கதவுகளைப் பூட்டும் சாதனம் இன்று நேற்று வந்ததன்று. அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் 1956லேயே மின்சாரக் கதவுப்பூட்டு இருந்தது. அம்பாசிடரின் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கையால் அமுக்கிப் பூட்டிய தலைமுறைக்குச் 'சென்டர் லாக்' ஒரு பெரிய சௌகரியமாகப் பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சௌகரியம் முழுவதும், கதவுக்குள் ஒளிந்திருக்கும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு 12 வோல்ட் மோட்டாரையும், அது தள்ளி இழுக்கும் மெல்லிய கம்பியையும், அந்தக் கம்பியைப் பூட்டோடு இணைக்கும் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பையும் ஆதாரமாகக் கொண்டது. வருஷங்கள் ஆக ஆகப் பூட்டிலுள்ள கிரீஸ் புழுதியோடு சேர்ந்து களிமண்ணாய் இறுகுகிறது. மோட்டாரும் பலம் குன்றுகிறது. இறுக்கத்தை வெல்ல மாட்டாமல் அது பாதி வழியில் நின்றுவிட, பூட்டு திறந்ததுமில்லை, பூட்டியதுமில்லை என்கிற நிலையில் சிக்கிக்கொள்கிறது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் போகும் வயர்கள், ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்ததில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோவதும் உண்டு.

நான் முதலில் போன பெரிய சர்வீஸ் நிலையத்தில், கதவைத் தொட்டுக்கூடப் பாராமல், பூட்டுத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும், கதவு மூடியிருப்பதால் உள்பக்க டோர் பேடை உடைத்துத்தான் எடுக்க நேரும் என்று சொல்லி, ஏழாயிரம் ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். அங்கிருந்து நான் போனது புதுப்பேட்டையில், காயலான் கடைகளுக்கு நடுவே, நாற்பது வருஷமாய்க் கதவும் கண்ணாடியும் மட்டுமே பார்த்து ஜீவனம் நடத்தும் ஒரு பெரியவரிடம்.

"சார், நீங்க பட்டனை அமுக்கிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு கையால் கதவை உள்நோக்கி அழுத்தி, மறு உள்ளங்கையால் பூட்டு இருக்கும் இடத்தில் தட்டினார். கொக்கியின் மேலுள்ள இறுக்கம் தளர்ந்தால் பல கதவுகள் அத்தோடு திறந்துவிடுமாம். எங்களுடையது திறக்கவில்லை. அவர் சலித்துக்கொள்ளவில்லை, பின்னிருக்கையின் அடிமெத்தையைக் கழற்றி வெளியே வைத்து, கைப்பிடிக் கிண்ணத்துக்குள் மறைந்திருந்த திருகாணிகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து எடுத்து, பேடின் விளிம்பில் தட்டையான பட்டையை நுழைத்து ஒவ்வொரு பொத்தானாய் விடுவித்தார். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை, பழைய கடிதத்தின் உறையைப் பிரிப்பவர்போல, கிழியாமல் உரித்தார். "இதைக் கிழிச்சுட்டா, மழைத் தண்ணி காலடிக்கு வந்துடும் சார்" என்றார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முழங்கை வரை கதவுக்குள் விட்டு, எங்கோ ஒரு கம்பியை ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினார். கதவு தானாகவே ஓர் அங்குலம் வெளியே வந்தது.

குற்றவாளி, ஒரு காது ஒடிந்துபோன அந்தக் கிளிப். அவர் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து, கழித்துக் கட்டிய கார்களிலிருந்து சேமித்த நூற்றுக்கணக்கான கிளிப்புகளில் பொருத்தமான ஒன்றைத் தேடியெடுத்தார். பூட்டிலிருந்த பழைய கசடைக் கரைத்துத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவினார். நம் வீடுகளில் செய்வதுபோல் தேங்காய் எண்ணெய் விட்டால் அது நாளடைவில் பிசினாகிப் பூட்டையே பிடித்துக்கொள்ளும் என்று எச்சரித்தார். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்ததையும் குத்தி எடுத்தார். ஒன்றரை மணி நேர வேலை. கூலி அறுநூறு ரூபாய்.

அந்தக் கிளிப் தனியாக விலைக்குக் கிடைக்குமா என்று மதிப்பீட்டுத் தாள் தந்த இடத்தில் கேட்டபோது, தொகுதியோடு சேர்த்துத்தான் வரும் என்றார்கள். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகங்களும் பழுதறியும் உபகரணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது 2014 ஆகஸ்டில். பழுதுபார்க்கும் உரிமைக்கான ஏற்பாடுகளை வகுக்க மத்திய அரசு குழு அமைத்தது 2022இல், அதன் வரம்பில் மோட்டார் வாகனங்களும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக ஒரு குடும்பஸ்தன் ஏழாயிரம் ரூபாய் கொடுக்கவேண்டும், இல்லையேல் கதவையே மறந்துவிடவேண்டும் என்ற நிர்ப்பந்தம் நீடிப்பது நியாயமாகாது. கதவைச் செத்ததாகவே விட்டுவிடும் மனப்பான்மை சோம்பலால் மட்டும் வருவதன்று. அந்தத் தாளிலிருக்கும் தொகையைப் பார்த்த மாத்திரத்தில் வருவதும் உண்டு.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் ஒரு காலைப் பொழுதில் நான்கு கதவுகளையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சிரத்தையோடு திறந்து பார்க்க வேண்டுகிறேன். பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லையென்றால், கதவு விளிம்பிலுள்ள குழந்தைப் பூட்டு தவறுதலாக இழுபட்டிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். பொத்தான் சத்தம் மட்டும் நலிந்து கேட்டால், அடுத்த மாதம் என்று தள்ளாமல், கதவு இன்னும் திறக்கும்போதே காட்டிவிடுங்கள், ஏனெனில் திறந்த கதவில் அரை மணியில் முடிகிற காரியம் மூடிய கதவில் அரை நாளாகும். கார் செய்கிறவர்களிடம் கேட்பது இதுதான்: அந்தக் கிளிப்பையும், அந்த மோட்டாரையும், அந்தக் கம்பியையும் தனித்தனியே எண்ணிட்டு, காகித உறையில் போட்டு, புதுப்பேட்டைக் கடைக்காரர் கேட்டாலும் கொடுங்கள்.