குடாநாட்டு வேளாண்மைக்கு ஆய்வே அடித்தளம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், குடிப்பதற்கும் பயிருக்கும் நாம் நம்பியிருப்பது சுண்ணக்கற் பாறைகளுக்குள் தங்கி நிற்கும் நிலத்தடி நீரையே. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் எனப் பிரிந்து கிடக்கும் இந்நீருக்கு வடகீழ்ப் பருவமழையே ஊட்டம். நிலத்தின் மேல் இடப்படுபவை மழையோடு கரைந்து கிணற்றை அடைய நெடுங்காலம் தேவைப்படுவதில்லை. எனவே இங்கு வேளாண்மை முறை பற்றிய கேள்வி விளைச்சலோடு நின்றுவிடுவதில்லை; அது குடிநீர் பற்றிய கேள்வியும் ஆகும்.

வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் செறிவாகப் பயிரிடப்படும் செம்மண் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் எடுத்துக்காட்டி வருகின்றன. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதை மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சிய இரசாயன உரமும், கிணற்றுக்கு அருகே அமைந்த மலசலகூடக் குழிகளும் இந்நிலைக்கு முதன்மைக் காரணங்கள்.

இதிலிருந்து மீள இயற்கையோடிணைந்த வேளாண்மையே வழி எனப் பலரும் கூறுகின்றனர். நோக்கம் சரியானதே. ஆனால் நோக்கம் மட்டும் போதாது என்பதை 2021ஆம் ஆண்டு நாட்டுக்கே கற்பித்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடுக்கப்பட்டது. போதிய சேதனப் பசளை கையிருப்பில் இருக்கவில்லை. எந்தப் பயிருக்கு எவ்வளவு இடுவது என்ற வழிகாட்டலும் கமக்காரரைச் சென்றடையவில்லை. நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. கட்டளையொன்றால் மண்ணை ஒரே போகத்தில் மாற்றிவிட முடியாது.

குடாநாட்டு விவசாயி சேதனப் பசளைக்குப் புதியவர் அல்லர். பூவரசங்குழையையும் பனையோலையையும் தோட்டத்தில் புதைத்ததும், மாட்டுப் பட்டி அடைத்து நிலத்தை வளப்படுத்தியதும் நம் மூத்தோரின் வழக்கங்கள். எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. அளவின்றி இட்டால் மாட்டெருவும் நைத்திரேற்றாகி நிலத்தடி நீரில் கலக்கும். ஆகவே எவ்வகைப் பசளை, எவ்வளவு, மழைக்கு முன்பா பின்பா என்பவற்றைச் செம்மண்ணிலும் மணல் நிலத்திலும் தனித்தனியே சோதித்து அறிதல் வேண்டும். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமும், திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையமும் இணைந்து, விவசாயிகளின் தோட்டங்களிலேயே பல ஆண்டுகளுக்கு நடத்தவேண்டிய பணி இது.

இத்தகைய வேளாண்மையின் மறுபாதி உயிரினங்களைச் சார்ந்தது. பூச்சிகளைத் தின்னும் ஓணானும் அரணையும், எலிகளைக் கட்டுப்படுத்தும் சாரைப்பாம்பும், உடும்பும் கூலி கேளாமல் உழைப்பவை. பூச்சிநாசினி இவற்றின் இரையை அழிக்கிறது. சுருட்டை விரியன் மீதான நியாயமான அச்சம், தீங்கற்ற சாரையையும் அடித்துக் கொல்லச் செய்கிறது. வயல்களிலும் பனங்கூடல்களிலும் எந்த ஊர்வன எவ்வளவு உள்ளன என்ற முறையான கணக்கெடுப்பு இல்லாமல், நாசினியைக் குறைத்ததால் விளைந்த நன்மையை எதைக் கொண்டு அளப்பது?

அக்கணக்கு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக்காது ஆமை, வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. குட்டியாக இருக்கையில் அழகாகத் தோன்றும் இது, வளர்ந்ததும் வீட்டாருக்குப் பாரமாகி அருகிலுள்ள குளத்தில் விடப்படுகிறது. அங்கு உள்ளூர் ஆமைகளோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. உலகின் மிகத் தீங்கான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ள இதன் இறக்குமதியை ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் தடைசெய்தது. அயலிலுள்ள கேரளத்திலும் நீர்நிலைகளில் இது காணப்பட்டு ஆய்வாளர்களைக் கவலைக்குள்ளாக்கியது. குவாம் தீவின் கதை இதனினும் கொடிது. இரண்டாம் உலகப் போரையொட்டிச் சரக்குகளோடு வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அத்தீவுக்குரிய காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது.

இவை தொலைதூரச் செய்திகள் என ஒதுக்கிவிட இயலாது. பார்த்தீனியத்தை நாம் அறிவோம். இந்திய அமைதிப் படையின் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆடுகள் முதலியவற்றோடு அதன் விதை வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. யுத்தச் சூழலில் அதைக் கவனிப்பார் எவரும் இருக்கவில்லை. இன்று தரிசு நிலங்களிலும் வீதியோரங்களிலும் வேரூன்றி, தோலுக்கும் சுவாசத்துக்கும் கேடு விளைக்கிறது. களைநாசினியைக் குறைக்க விரும்பும் விவசாயிக்கு அதுவே பெருந்தடை. முதற் செடிகளைப் பிடுங்க ஒருநாள் போதியிருக்கும். இன்றோ ஆண்டுதோறும் சிரமதானம் செய்தும் முடிவில்லை.

செய்யவேண்டியவை தெளிவானவை. கிணற்று நீரின் நைத்திரேற்று அளவை ஒவ்வொரு பருவமும் பரிசோதித்து, முடிவுகளை ஊர்தோறும் அறிவித்தல் வேண்டும். தோட்டங்களிலும் குளங்களிலும் வாழும் உயிரினங்களின் அடிப்படைக் கணக்கெடுப்பைப் பல்கலைக்கழகம் முன்னெடுக்க, மாகாண விவசாயத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் துணைநிற்றல் வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் அயல் ஊர்வனவற்றைப் பதிவுசெய்வதோடு, வளர்க்க இயலாதோர் அவற்றைக் குளத்தில் விடாது ஒப்படைப்பதற்கு இடமொன்றும் அமைத்தல் வேண்டும்.

இவற்றுக்கான செலவு பெரிதன்று. ஒருமுறை கெட்ட நிலத்தடி நீரைத் திருத்தவும், பரவிவிட்ட அயலுயிரியை அகற்றவும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். குடாநாட்டு மக்களுக்கு வேறோர் ஆறு இல்லை என்பதை ஆட்சியாளர் மனங்கொள்வாராக.