ராஜினாமாவை வாங்கிக்கொண்டவர்கள் யார்?

தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கு,

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலின்போது, கடலூர் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர் பதவி ஒன்று 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஆணையம் எச்சரித்தது. ஏலம் பற்றிய புகார் மனுக்கள் அதற்கு முன்பும் வந்தன, பின்பும் வந்தன. மனு மேலிருந்து கீழே போகிறது. ஊருக்குத் திரும்பி வருவது ‘போட்டியின்றித் தேர்வு’ என்ற சான்றிதழ்தான்.

தேர்தல் விதிகள் தங்களுக்குத் தெரியும். தலைவர் யார் என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவுசெய்த பாப்பாபட்டியையும் தங்கள் அலுவலகம் மறந்திருக்காது.

1996-ல் உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்க சாதியினர் அதை ஏற்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. பிறகு இன்னொரு வழி கண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டிய ஒருவர் மனு போடுவார், ஜெயிப்பார், கையோடு ராஜினாமாவும் எழுதிக் கொடுப்பார். அரசு அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தேர்தலை அறிவிக்கும். பத்தாண்டுகள் இப்படியே ஓடின. யாருடைய வயலில் கூலிக்குப் போகிறாரோ அவர்கள் முன்னால்தான் அந்த மனிதர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இது எந்த அதிகாரிக்குத் தெரியாது?

2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்தது. அப்போதைய மதுரை ஆட்சியர் த. உதயச்சந்திரன் ஊருக்குள் போய் மக்களிடம் பேசினார். அரசு உறுதியாக நின்றது. வென்றவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள். அப்படியானால் முந்தைய பத்தாண்டு யார் கணக்கு?

அதே மதுரை மாவட்டத்தில் இப்படி ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில், போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பியவரையும் உடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். வாக்குப்பெட்டிக்குக் கிடைத்த காவல் தலைவருக்குக் கிடைக்கவில்லை.

இனி சுற்றறிக்கை போதாது, ஐயா. தனித்தொகுதி ஊராட்சியில் ஒரே ஒரு வேட்புமனு வந்தால், சான்றிதழ் எழுதும் முன் தங்கள் அதிகாரி அந்த ஊருக்குப் போகட்டும். ஊர்ப் பெரியவர்கள் இல்லாத இடத்தில் வேட்பாளரைத் தனியே உட்காரவைத்துக் கேட்கட்டும். மனுப் போட விடாமல் தடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்கும் போகட்டும். பதவியேற்ற வேகத்தில் ராஜினாமா வந்தால் ஏன் என்று விசாரிக்காமல் ஏற்கக் கூடாது. ஏலம் நடந்த ஊரில் தேர்தலை நிறுத்துங்கள். பணம் வாங்கியவர்கள்மீது வழக்குப் போடுங்கள்.

அடுத்த அறிவிக்கையில் தங்கள் கையெழுத்து இருக்கும். அதன்கீழ் இன்னொரு பாப்பாபட்டி நடந்தால், தெரியாமல் நடந்தது என்று ஆணையம் சொல்ல முடியாது.