குப்பைச் சாற்றை மட்டும் அளந்தால் போதுமா?

நிபோங் திபாலிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் பூலாவ் பூரோங் வரும். பெயரின் பொருள் மாணவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்: பறவைத் தீவு. ஆனால் இன்று அந்தப் பெயரைக் கேட்டால் பினாங்கில் யாருக்கும் பறவை நினைவுக்கு வருவதில்லை, குப்பைதான் வருகிறது. மாநிலத்தின் வீட்டுக் குப்பை அங்கேதான் போய்க் குவிகிறது. 2022 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பறவைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. பக்கத்திலேயே பைராம் அலையாத்திக் காடு உள்ளது. நீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் திடலில் கொக்குகளும் நாரைகளும் இரை தேடும். அவை மீனும் நண்டும் கொத்தித் தின்னும் அதே கடலோரத்தில்தான் நம் மீனவர்களும் வலை போடுகிறார்கள். அதனால் அந்தப் பறவைகளின் உடலில் என்ன சேர்கிறது என்ற கேள்வியில் நம் வீட்டு மீன் குழம்பும் அடங்கியிருக்கிறது.

குப்பையிலிருந்து கசியும் கறுப்புச் சாற்றை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலேயே இருக்கிறது. அங்கிருந்து இந்தச் சாற்றைச் சுத்திகரிப்பது பற்றி நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. நல்ல வேலைதான். அதோடு, இந்தக் கரையில் வாழும் பறவைகளின் இறகையும் ஆண்டு தவறாமல் அளந்து பதிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இறகு? வளரும் இறகுக்கு இரத்த ஓட்டம் உண்டு. அந்தச் சில வாரங்களில் பறவையின் இரத்தத்தில் இருக்கும் பாதரசம், இறகின் கெராட்டின் என்ற புரதத்திலுள்ள கந்தகத்தோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. இறகு முழுதாக வளர்ந்ததும் இரத்த ஓட்டம் நின்றுவிடும். அதன்பின் உள்ளே இருப்பது வெளியேறாது. நூறு ஆண்டு கழித்தும் அதை எடுத்து அளக்கலாம். ஆற்று நீரை ஒரு போத்தலில் பிடித்துச் சோதித்தால் அந்த நிமிடத்து ஆறு மட்டுமே தெரியும். இறகிலோ ஒரு பறவை பல வாரங்கள் தின்ற மீனின் கணக்கு இருக்கிறது.

இப்படி அளந்து ஒரு நாட்டின் சட்டமே மாறியிருக்கிறது. சுவீடனில் விதை நெல் போல விதைக் கோதுமைக்கும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பாதரசக் கலவை பூசினார்கள். விதை பொறுக்கிய பறவைகளும் அவற்றை வேட்டையாடிய பருந்தினங்களும் செத்தன. காரணம் பாதரசம்தான் என்று எப்படி நிரூபிப்பது? விஞ்ஞானிகள் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கே நூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பறவைகளின் இறகுகளை அளந்தார்கள். 1940 வரை அளவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. அதன்பின் பல மடங்கு ஏறியிருந்தது. அந்த ஆய்வு வெளிவந்த 1966ஆம் ஆண்டிலேயே அந்த வகைப் பாதரச விதைப்பூச்சுக்குச் சுவீடனில் தடை வந்தது. அந்தப் பறவைகளைப் பாடம்செய்து வைத்தவர்களுக்குப் பாதரசம் பற்றி எந்த எண்ணமும் இருந்திருக்காது. அவர்கள் தேதியும் இடமும் எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 1998இல் வந்தது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்சுகே தனாபேயுடன் தமிழ் விஞ்ஞானிகளான செந்தில்குமார், குருந்தாசலம் கண்ணன், சுப்பிரமணியன் ஆகியோர் சேர்ந்து தென்னிந்தியப் பறவைகளை ஆராய்ந்தார்கள். உள்ளூரிலேயே வாழும் பறவைகளில் எச்.சி.எச். என்ற பூச்சிக்கொல்லி மிகுந்திருந்தது. அன்றுவரை உலகில் பதிவான அளவுகளோடு ஒப்பிட்டால் அதுவே உச்சம். வலசை வந்த பறவைகளிலோ பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கூடுதலாக இருந்தது. உள்ளூர்ப் பறவை உள்ளூர் வயலின் நஞ்சைச் சுமந்தது. விருந்தாளிப் பறவை தான் கடந்து வந்த தொழில் நாடுகளின் நஞ்சைச் சுமந்தது. கடப்பிதழில் முத்திரை குத்தியது போலத்தான்.

அதில் இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பெண் பறவைகளில் நஞ்சு குறைவாக இருந்தது. மகிழ வேண்டாம். தாயின் கொழுப்பில் இருக்கும் நஞ்சு முட்டையின் மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் அந்தக் குறைவு.

டி.டி.டி.யால் ஆபத்துக்கு உள்ளாகலாம் என்று அந்த ஆய்வு குறிப்பிட்ட பறவைகளில் டெரெக் உள்ளானும் ஒன்று. வடக்கே ரஷ்யப் பகுதிகளில் குஞ்சு பொரிக்கும் இந்தச் சிறு பறவை, குளிர்காலத்தில் இந்தியக் கரைக்குப் போவது போல நம் மலேசியக் கரைச் சேற்றுக்கும் வரும். எனவே தமிழ்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

மேலே சொன்ன கண்ணன் பின்னர் அமெரிக்காவில் ஆய்வைத் தொடர்ந்தார். 2001இல் அவரும் ஜான் கீசியும் வெளியிட்ட கட்டுரை உலகையே திடுக்கிட வைத்தது. கறை பிடிக்காத துணி, தீயணைப்பு நுரை போன்றவற்றில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.எஸ். என்ற வேதிப்பொருள், பசிபிக் நடுவே மிட்வே தீவில் வாழும் ஆல்பட்ராஸ் பறவையின் உடலிலும் இருந்தது. தொழிற்சாலையே இல்லாத இடம் அது. 2009இல் அந்தப் பொருள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

சரி, நம் பக்கத்தில் யாரும் இப்படிச் செய்யவில்லையா? செய்திருக்கிறார்கள். கிரியான் ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் பேராக்கின் கோலா கூலா பறவைகள் சரணாலயம். அழியும் நிலையிலுள்ள பால்நாரைகளைக் கூண்டில் வளர்த்து மீண்டும் இயற்கையில் விடும் முயற்சி அங்கே நடந்தது. புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் ஃபாயிட் ரஹ்மான், அஹ்மாட் இஸ்மாயில் குழுவினர் அந்த நாரைகளுக்கு உணவு வழியாகவும் நீர் வழியாகவும் எவ்வளவு கேட்மியமும் ஈயமும் போய்ச் சேரக்கூடும் என்று கணக்கிட்டு 2017இல் வெளியிட்டார்கள். பறவையை வளர்த்து விடுவதற்கு இத்தனை உழைப்பு செலவாகிறது. அது இறங்கித் தின்னும் சேறு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது மிகச் சரியான கேள்வி. அதே கேள்வியை ஆற்றின் இந்தப் பக்கத்திலும் ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும்.

“பறவை பறந்துகொண்டே இருக்கும், அதன் இறகில் இருப்பது பூலாவ் பூரோங் நஞ்சா, வேறு ஊர் நஞ்சா என்று எப்படித் தெரியும்?” என்று கெட்டிக்கார மாணவர் யாராவது கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி கூட்டிலிருக்கும் குஞ்சு. கொக்குக் குஞ்சு எங்கும் பறக்காது. தாய் தந்தை பக்கத்துச் சேற்றிலிருந்து கொண்டுவந்து ஊட்டும் மீனில்தான் அதன் இறகு முளைக்கிறது. இரண்டொரு சிறு இறகை எடுத்தால் குஞ்சுக்குப் பெரிய தீங்கும் இல்லை. இறகில் உலோகம் இருப்பதாலேயே பறவை நோயாளி என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மையே. புகைத்தூசியில் இருக்கும் ஈயம் இறகின் மேல் ஒட்டிக்கொள்ளும், அதனால் நன்றாகக் கழுவிய பிறகே அளக்க வேண்டும். ஓர் ஆண்டின் எண் பெரிதாக எதையும் சொல்லாது. பத்து ஆண்டு எண்களை வரிசையாக வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று புரியும்.

அந்தத் தீயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் பொரித்த குஞ்சுகளின் இறகும் 2022இல் பொரித்த குஞ்சுகளின் இறகும் ஓர் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்தப் புகை இந்தக் கரைக்கு என்ன செய்தது என்று இன்றும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மாணவர் பட்டத்துக்காக இரண்டு ஆண்டு ஆய்வு செய்து முடித்ததும் நின்றுபோகும் வேலையாக இது இருக்கக் கூடாது. பொறியியல் வளாகமும் பினாங்குத் தீவில் உள்ள உயிரியல் துறையும் பெர்ஹிலித்தானும் சேர்ந்தால் முடியாத காரியம் இல்லை. செலவு குப்பை அள்ளும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது என்றே நினைக்கிறேன்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டில் ஏறி இறகு பிடுங்க நீங்கள் போகக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பறவைகளைத் தொட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். செத்த பறவையைக் கையால் எடுப்பதும் வேண்டாம், பறவைக் காய்ச்சல் பயம் உண்டு. எண்ணிக்கை எடுப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரை, மாதம் ஒருமுறை, ஆசிரியர் துணையோடு, ஒரே இடத்தில், நீர் வற்றும் நேரத்தில் நின்று எண்ணுங்கள். இடம், தேதி, நேரம், பறவையின் பெயர், எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பறவையின் பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாமல் “தெரியவில்லை” என்றே எழுதுங்கள். ஐந்தாம் படிவம் முடித்துப் போகும்போது அந்த நோட்டை அடுத்த மாணவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.