கடன் வாங்க இயலாத எண்ணெய்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் குடும்பங்கள் பலவற்றில் மகிழ்ச்சியும் உண்டு, கண்ணீரும் உண்டு. அந்த மகிழ்ச்சியையும் கண்ணீரையும் மதிப்பெண் என்னும் ஒரே அளவுகோலால் அளந்துவிட்டு, அதன் பின்னே நிற்கும் உண்மையைக் காண மறந்துவிடுகிறோம். அவ்வுண்மையைக் குறித்தே இத்திங்கள் சற்றுச் சிந்திக்க விழைகிறோம்.

நம் மாநிலக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பாடத்திற்குரிய 100 மதிப்பெண்களில் 25 அகமதிப்பீட்டுக்கும், 75 பருவத் தேர்வுக்கும் உரியவை. வகுப்புத் தேர்வுகள், ஒப்படைப்புகள் ஆகியவற்றைக் கொண்டு ஆசிரியர் வழங்குவது அகமதிப்பீடு. மாணவர் ஆண்டு முழுவதும் உழைக்க வேண்டும். ஒரே நாளின் மூன்று மணி நேரம் அவருடைய தலைவிதியைத் தீர்மானித்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். 1978-ஆம் ஆண்டு சென்னை இலயோலாக் கல்லூரி முதலிய சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றபோது, கற்பித்தவரே மாணவரின் வளர்ச்சியை மதிப்பிடும் பொறுப்பும் உரிமையும் அவற்றுக்குக் கிடைத்தன. நோக்கம் உயர்ந்ததே. நடைமுறை எவ்வாறு உள்ளது?

கொத்துவேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தந்தை ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். அவருடைய மகள் இளம் அறிவியல் பட்டத்திற்குக் கணிதம் பயில்கிறாள். ஒரு தாளில் அகமதிப்பீடு 25-க்கு 23. பருவத் தேர்வில் 75-க்கு 19. இரண்டையும் கூட்டினால் 42 வருகிறது. ஆயினும் பருவத் தேர்வில் தனியே 30 பெற வேண்டும் என்பது அங்குள்ள விதியாதலால் அவள் தேறவில்லை. “சாமி, 23 வாங்கின பிள்ளைக்குப் பாடம் தெரியாமலா இருக்கும்?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடையை மகளே தலைகுனிந்து கூறினாள். ஒப்படைப்பு ஏடுகள் அனைத்தையும் முந்தின இரவு தோழியின் ஏட்டைப் பார்த்து அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் பெரும்பாலோர் அவ்வாறே செய்தனராம். எவரும் கேள்வி கேட்கவில்லையாம்.

கணிதத்தில் இதன் விளைவு எத்தகையது என்பதை நம் பங்கைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் எளிதாக விளக்கினார். 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதை நிறுவுவது கல்லூரிக் கணிதத்தின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. அது p/q என்னும் சுருங்கிய பின்னம் என்று கொண்டால், p-யின் வர்க்கம் இரட்டை எண்ணாகும். ஆகவே p இரட்டை எண். அதனால் q-வும் இரட்டை எண். இரண்டுமே இரட்டை என்றால் அது சுருங்கிய பின்னம் அன்று, முரண்பாடு. இதை மனப்பாடம் செய்துவிடலாம். 3-இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் 2 இருந்த இடத்தில் 3-ஐ எழுதியும் தப்பிவிடலாம். ஆனால் 4-ஐக் கேட்டால்? பார்த்தெழுதிப் பழகிய கை, 4-இன் வர்க்கமூலமும் விகிதமுறா எண்ணே என்று தயங்காமல் நிறுவிவிடும்! அது 2 என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். நிறுவல் எந்த வரியில் முறிகிறது? ஓர் எண்ணின் வர்க்கம் 4-ஆல் வகுபட்டால் அவ்வெண்ணும் 4-ஆல் வகுபடும் என்று சொல்லும் வரியில்தான். 36 என்பது 4-ஆல் வகுபடும். அதன் மூலமாகிய 6 வகுபடாது. இந்த ஒரு வரியைத் தானே தேடிக் கண்டவர் பாடத்தை அறிந்தவர். அந்தத் தேடலுக்காகவே ஒப்படைப்பு தரப்படுகிறது.

“கணித மேதை இராமானுஜனும் தேர்வில் தோற்றவர்தாமே” என்று இளைஞர் சிலர் ஆறுதல் தேடுவதுண்டு. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த அவர் உதவித்தொகையை இழந்ததும், 1907-இல் எஃப்.ஏ. தேர்வில் தோற்றதும் உண்மையே. ஆயினும் அவரை வீழ்த்தியவை அவர் புறக்கணித்த பிற பாடங்கள். கணிதத்திலோ, எவரும் மதிப்பெண் இடாத குறிப்பேடுகளை அவர் நாள்தோறும் தம் கையாலேயே நிரப்பிக் கொண்டிருந்தார். தேர்வில் தோற்றவர் உழைப்பில் தோற்கவில்லை.

நம் திருச்சபைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருவான சார்லஸ் ரசீன் அடிகளார், பாரிசில் எலி கார்த்தான் என்னும் பெரும் கணித அறிஞரிடம் ஆய்வு செய்து, நம் நாட்டிற்கு வந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும், பின்னர் 1939 முதல் இலயோலாவிலும் கற்பித்தார். தேர்வுக்குரிய பழைய பாடத்திட்டத்தோடு நின்றுவிடாமல், அக்காலத்துப் புதிய கணிதத்தை நோக்கி மாணவரின் கண்களைத் திறந்துவிட்டார். அவரிடம் பயின்ற எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி இருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. மதிப்பெண்ணுக்கு அப்பாலும் பார்க்கக் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் பயன் அது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 60 ஏடுகளைத் திருத்துவது எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும், படிக்காமலே இடப்படும் 23 மதிப்பெண் இரக்கம் ஆகாது. ஏழை மாணவிக்கு அது தீங்கே செய்கிறது. தனக்குத் தெரியாது என்பதை அவள் அறிந்து கொள்ளும் வாய்ப்பையே பறித்துவிடுகிறது. ஏட்டில் ஒரு வினாவையேனும் சுட்டி, “இந்த வரி எப்படி வந்தது?” என்று கேளுங்கள். மாலையில் வேலைக்குச் செல்லும் மாணவருக்கு இரக்கம் காட்ட விரும்பினால், மதிப்பெண்ணைக் கூட்டாமல், கால அவகாசத்தைக் கூட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, பிறர் உழைப்பின்மேல் உங்கள் பெயரை எழுதிக் கொடுப்பது எட்டாம் கட்டளைக்கு எதிரான சிறு பொய்ச்சான்றே. புரியாத கணக்கைப் புரியவில்லை என்று எழுதிக் கொடுப்பதில் இழிவு ஏதும் இல்லை. தோழியோடு அமர்ந்து விவாதியுங்கள். பின்பு ஏட்டை மூடிவைத்துவிட்டுத் தனியே எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் அது உங்களுடையது.

பெற்றோரே, முதல் தலைமுறையாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் உங்களுக்குக் கணிதம் தெரியாதிருக்கலாம். “எத்தனை மார்க்கு?” என்பதோடு, “இன்று நீயாகவே போட்ட கணக்கு எது? எனக்குச் சொல்” என்றும் கேளுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும், சொல்லும்போது பிள்ளைக்கு விளங்கும். தோற்றுவிட்டால் கடிந்து விரட்டாதீர்கள். தாளை மீண்டும் எழுதலாம். உடைந்த உள்ளத்தை ஒட்டுவது கடினம். மேற்சொன்ன மாணவி இப்போது மாலை நேரங்களில் மறைக்கல்வி அறையில் அமர்ந்து பயில்கிறாள். பேராசிரியர் வாரம் இருமுறை வந்து உதவுகிறார். வேறு நால்வரும் சேர்ந்துள்ளனர். மாலையில் பூட்டிக் கிடக்கும் அறை ஒவ்வொரு பங்கிலும் ஒன்றேனும் இருக்குமே!

பத்துக் கன்னியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விவேகமுள்ள ஐவரும் தம் எண்ணெயைப் பகிர மறுத்தது கருமித்தனமோ என்று சிலர் ஐயுறுவர். அன்று. சில பொருள்கள் பகிர முடியாதவை. உழைத்துப் பெற்ற அறிவும், செபித்துப் பெற்ற நம்பிக்கையும் அத்தகையவை. நள்ளிரவில் அழைப்புக் குரல் கேட்கும்போது அண்டை வீட்டில் அவற்றைக் கடன் கேட்க இயலாது. பகல் இருக்கும்போதே நம் விளக்குகளில் நாமே எண்ணெய் வார்த்துக்கொள்ள, ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.