கீழ்ப்பாக்கத்து டாக்டரும் வைட்டிலாத் தொழிலாளியும்

"கீழ்ப்பாக்கத்துக்குப் போகவேண்டிய ஆள்" என்று ஒருவரையாவது ஏசாத தமிழர் நம்மில் உண்டா? இங்கே மலையாளிகள் "ஊளம்பாறை" என்கிறார்கள், "குதிரவட்டம்" என்கிறார்கள். ஆஸ்பத்திரியின் பெயரையே வசைச்சொல்லாக்கியதில் இரு மாநிலத்தாருக்கும் வேற்றுமை இல்லை!

அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை தலைமையேற்றவர் டாக்டர் சாரதா மேனன். 1923-ல் மங்களூரில், மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று பெயர் பெற்றவர். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. நோயாளி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப வேண்டும் என்று பாடுபட்டவர். பதவி ஓய்வுக்குப் பிறகும் ஓயாமல், 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பர் 5-ல், தம் 98-ம் வயதில் மறைந்தார்.

அன்னாரை நாம் ஏன் இங்கே நினைக்க வேண்டும்? மனநோய் மருத்துவருக்கு நாடி பார்க்கும் கருவி நோயாளியின் பேச்சுத்தான். மலையாளக் குடும்பத்து மகள் ஒருவர் தமிழ் ஏழைகளின் பேச்சுக்குக் காது கொடுத்தார். வைட்டிலா சந்திப்பில் விடியலில் வேலைக்கு நிற்கும் நம் தொழிலாளிக்கு உறக்கம் கெட்டு, மனம் பேதலித்தால், அதை எந்த மொழியில் யாரிடம் சொல்வார்? கூலி பேசப் போதுமான மலையாளம், துயரம் பேசப் போதுமா?

ஆகவே மறைக்கிறோம். முற்றிய பிறகு பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறோம். கோயிலிலோ தர்காவிலோ விட்டுவிடுகிறோம். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகியவர்களை மறந்துவிட்டோமா? 28 உயிர்கள்!

2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. அரசின் மனநல சிகிச்சையைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. உரிமை ஏட்டில் கிடந்தால் யாருக்குப் பயன்? புலம்பெயர்ந்த தொழிலாளர் வரும் அரசு ஆஸ்பத்திரிகளில், அவர்கள் மொழி அறிந்தவர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று கேரள அரசை வற்புறுத்துகிறோம். அதுவரை 14416 என்ற அரசுத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நம் கடமையும் ஒன்று உண்டு. சாரம் சரிந்து விழுந்த தோழரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் அல்லவா? மனம் சரிந்தவரோடும் ஆஸ்பத்திரி வரை நடப்போம். சாரதா மேனனுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.