இரண்டாம் பூட்டு

வங்கியின் தானியங்கிப் பணப்பொறியில் பணம் எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் ஓர் அட்டை இருக்கிறது. மனத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கிறது. அட்டையைக் கண்டெடுத்தவனுக்கு எண் தெரியாது. எண்ணை ஒட்டுக்கேட்டவனிடம் அட்டை இராது. இவ்வாறு, நாம் அறிந்த ஒன்றும் நம்மிடம் உள்ள ஒன்றும் சேர்ந்தால் மட்டுமே கதவு திறக்கும் முறைக்கு இருபடிச் சரிபார்ப்பு என்று பெயர். பணப்பொறிக்கு உள்ள இக்காவல், பல்கலைக்கழக ஆசிரியர், அலுவலர் ஆகியோரின் கணினிக் கணக்குகளுக்கும் கட்டாயமாக வேண்டும் என்பதே என் கருத்து.

கடவுச்சொல் ஒன்றே போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அதன் வரலாறே இதற்கு விடை கூறும். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தினர். ஒவ்வொருவருடைய கோப்புகளையும் தனித்தனியே காக்க, பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரின் குழுவினர் கடவுச்சொல்லைப் புகுத்தினர். 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், அனைவருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பினை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த சில ஆண்டுகளிலேயே, ஒரு கல்விக்கூடத்துக்குள்ளேயே, அது களவு போயிற்று.

நாம் வாழும் புனே நகரிலும் இதற்கொரு சான்று உண்டு. 2005-ஆம் ஆண்டில் இங்கிருந்த ஓர் அழைப்பு மையத்தின் ஊழியர் சிலர், அமெரிக்க வங்கி ஒன்றின் வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் நயமாகப் பேசி, அவர்களுடைய இரகசிய எண்களைப் பெற்றனர். அவ்வெண்களைக் கொண்டு ஏறத்தாழ 3,50,000 டாலர் களவாடப்பட்டது. எந்தக் கணினியையும் அவர்கள் உடைக்கவில்லை. நம்பிக்கையோடு சொல்லப்பட்ட சில எண்களே அவர்களுக்குத் திறவுகோலாயின. அறிந்த ஒன்றை மட்டும் நம்பும் காவலின் குறை இதுதான்: அதைச் சொல்லிவிட முடியும், சொன்ன பின்பு திரும்பப் பெற முடியாது.

பல்கலைக்கழகப் பணியாளரிடமிருந்தும் கடவுச்சொல்லை இவ்வாறே கவர்கின்றனர். "உங்கள் அஞ்சற்பெட்டி நிரம்பிவிட்டது, உடனே உள்நுழைக" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பு போலிப் பக்கம் ஒன்றுக்கு இட்டுச்செல்லும். வேலை மிகுதியில் இருப்பவர் தம் கடவுச்சொல்லை அங்கே எழுதிவிட்டால், அவருடைய கணக்கு அந்நியர் கைக்குப் போய்விடும்.

அக்கணக்கினுள் இருப்பவை யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். 1949-இல் தொடங்கப்பெற்ற சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தோடு புனே, நாசிக், அகில்யாநகர் மாவட்டங்களின் கல்லூரிகள் இணைந்துள்ளன. இத்தகைய பெரிய பல்கலைக்கழகங்களின் பணியாளர் கையாளும் மதிப்பெண், வினாத்தாள், உதவித்தொகை விவரம், சான்றிதழ் ஆகியவற்றில் மாணவர்களின் எதிர்காலமே அடங்கியுள்ளது. இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்துவதற்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்னும் விதியை, 2009 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து இந்திய ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது. பொருள் வாங்கும் பணத்துக்கு இரண்டு பூட்டு. ஒரு மாணவர் ஆண்டு முழுவதும் உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணுக்கு ஒரே பூட்டா?

"ஒவ்வொரு முறையும் அலைபேசியைத் தேடுவது தொல்லை, எங்கள்மேல் ஐயமா?" என்று மனம் வருந்தும் பணியாளரும் உளர். அவர்களுடைய வருத்தத்தை நான் புறந்தள்ளவில்லை. எனினும், இரண்டாம் பூட்டு பணியாளரை ஐயுற்றுப் போடப்படுவதன்று. அவர் பெயரில் நுழையும் பிறரைத் தடுப்பதற்கே போடப்படுகிறது. பிறர் பொருளைக் காப்பவர் தம் வசதியை மட்டும் கருதுதல் முறையாகாது. அதே வேளையில், சொந்த அலைபேசியைப் பணிக்குப் பயன்படுத்த விரும்பாதவருக்குப் பல்கலைக்கழகமே பாதுகாப்புச் சாவியை வாங்கித் தரவேண்டும். கட்டாயப்படுத்துவோரே செலவையும் ஏற்பதுதான் நியாயம்.

இரண்டாம் பூட்டும் முற்றும் உடையாததன்று. குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. எண்ணையும் ஏமாற்றிக் கேட்டுப் பெறுவோர் உளர். செயலி ஒன்று 30 நொடிக்கு ஒருமுறை மாற்றித் தரும் எண், அலைபேசிக்கு வலைத்தொடர்பு இல்லாத இடத்திலும் கிடைக்கும். கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியோ, தளத்தின் உண்மையான முகவரியைச் சரிபார்த்த பின்னரே வழிவிடும். போலிப் பக்கத்தில் அது வேலை செய்யாது. ஆதலின் தேர்வு, நிதி ஆகிய பிரிவுகளில் பணிபுரிவோருக்கு அச்சாவியே ஏற்றது.

மாணவர்களே, இது பெரியவர்களின் செய்தி என்று நீங்கள் ஒதுங்க இயலாது. உங்களுள் பலருடைய இல்லங்களில், பெற்றோரின் அலைபேசிக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் செய்திகளை நீங்களே படித்துச் சொல்கிறீர்கள். ஓ.டி.பி. எண் வரும்போது, அதனோடு உள்ள வாசகத்தையும் முழுமையாகப் படியுங்கள். எதற்காக வந்தது என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குங்கள். வங்கியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ பேசுவதாகக் கூறி யார் கேட்டாலும் அவ்வெண்ணைச் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் அஞ்சி மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடச் செய்யுங்கள். வீட்டின் இரண்டாம் பூட்டுக்கு இன்று காவலர் நீங்களே.