பிரேக்கை எங்கே அழுத்துவது?

வேகமாகச் செல்வது எப்படி என்று கேட்டால் நம்மில் எவரும் உடனே விடை சொல்லிவிடுவோம். வேகத்தை எந்த இடத்தில் குறைப்பது என்று கேட்டால்தான் பலர் விழிக்கிறோம். கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்ட மாணவ நண்பர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களுக்கும், "இதனால் என்ன பயன்?" என்று வினவும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு கருத்தைக் கூற விரும்புகிறேன். திரையில் வழிகாட்டும் வண்ணக் கோட்டை அணைத்துவிட்டு, பிரேக் அழுத்த வேண்டிய இடத்தை ஆடுபவனே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அது.

பந்தயம் நம் கொங்கு மண்ணுக்குப் புதியதன்று. நம் வட்டாரத்து ரேக்ளாப் பந்தயத்தைக் காணாதவர் நம்மில் குறைவு. அங்கே எல்லைக்கோட்டைக் குறைந்த நேரத்தில் கடப்பதே வெற்றி. கார்ப் பந்தயம் அப்படிப்பட்டதன்று. நேர்வழி முடிந்ததும் வளைவு வரும். அதற்குள் வேகம் அடங்கியிருக்க வேண்டும். இக்கலையிலும் நம் மண்ணுக்குப் பங்குண்டு. குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்க உழைத்து 1995-இல் மறைந்த கோவை எஸ். கரிவரதன் அவர்களின் நினைவாகவே செட்டிபாளையத்துப் பந்தயத் தளம் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் பெற்றது. அதன் நீளம் 2.1 கிலோமீட்டர். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியின் காரை ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார்.

பிரேக் அழுத்தும் இடத்திற்கு இத்தனை முதன்மை எதற்கு? இயற்பியல் விடை சொல்லும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று படித்திருக்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு கார், 80 கிலோமீட்டராகக் குறைந்து வளைவுக்குள் நுழைய வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு வினாடியிலும் அதன் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்ற அளவில் குறையுமானால், அதற்கு ஏறக்குறைய 130 மீட்டர் தூரம் வேண்டும். ஓட்டுபவன் வினாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் போதும். அதற்குள் கார் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். அது நகரப் பேருந்தின் நீளத்தில் ஏறத்தாழப் பாதி. அவ்வளவு பிந்தினால் கார் 80-க்குப் பதிலாக ஏறக்குறைய 88 கிலோமீட்டர் வேகத்தில் வளைவை அடையும். எனவே, "இந்தப் பக்கம் எங்கோ" என்ற கணிப்பு உதவாது. குறிப்பிட்ட ஓர் அடையாளம் வேண்டும்.

உண்மையான ஓட்டுநனுக்கு உடலும் துணை செய்கிறது. பிரேக் அழுத்தியதும் உடல் முன்னே தள்ளப்படுகிறது. இருக்கையின் அதிர்வும் சக்கரத்தின் நழுவலும் அவனுக்குச் செய்தி சொல்கின்றன. திரைக்கு முன் அமர்ந்திருப்பவனுக்கு இவற்றில் பெரும்பாலானவை கிடைப்பதில்லை. வேகமே கூடக் குறைவாகத்தான் தோன்றும். ஆகவே நிலையான அடையாளம் நிஜப் பந்தயத்தைக் காட்டிலும் விளையாட்டில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

பல தளங்களில் வளைவுக்கு முன்னே 150, 100, 50 என்று மீட்டர்க் கணக்கில் பலகைகள் நட்டிருப்பார்கள். விளையாட்டுகளிலும் அவை அப்படியே காட்டப்படுகின்றன. பலகை இல்லாத இடத்தில் நம் கண்தான் தேட வேண்டும். தார் நிறம் மாறும் இடம், ஓரக்கல் தொடங்கும் இடம், தடுப்புச் சுவரின் இடைவெளி, பாதையோரத்து மரம் எதுவாயினும் ஆகலாம். ஆனால் அதற்குச் சில தகுதிகள் உண்டு. முதலாவதாக, அது இடம் மாறக் கூடாது. நிழலை நம்பக் கூடாது. பொழுது சாயச் சாய நிழலும் நகரும் விளையாட்டுகள் உண்டு. முன்னே செல்பவனின் சிவப்பு விளக்கையும் நம்பக் கூடாது; அவன் பிழை செய்தால் நாமும் பிழை செய்வோம். இரண்டாவதாக, அது பாதைக்கு அருகில் இருக்க வேண்டும். நம் ஊர்ப்புறத்துக் காற்றாலைகளை எண்ணிப் பாருங்கள். நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். ஆயினும் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு சாலையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று மீட்டர்க் கணக்கில் சொல்ல முடியுமா? சாலையோரத்துச் சிறிய மைல்கல்லைக் கொண்டு சொல்லிவிடலாம். மூன்றாவதாக, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்கும் காட்சியோ, காருக்குப் பின்னிருந்து பார்க்கும் காட்சியோ, ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும். காட்சி மாறினால் பழகிய அடையாளமும் வேறாகத் தோன்றும்.

அடையாளத்தைக் கண்டபின் அதைச் செம்மைப்படுத்தும் முறை எளியது. முதல் சுற்றில் வேண்டுமென்றே முன்கூட்டி, 150 மீட்டர்ப் பலகையிலேயே அழுத்துங்கள். வளைவுக்கு வெகு முன்பாகவே வேகம் குறைந்து கார் சோர்ந்து ஊர்ந்தால், அடுத்த சுற்றில் சில மீட்டர் தள்ளி அழுத்துங்கள். பாதையை விட்டு வெளியேறும் நிலை வந்தால் ஒரு படி பின்வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர்கள் வற்புறுத்தும் விதியும் இதுவன்றோ? 2011-இல் முதல் இந்தியன் கிராண்ட் பிரி நடந்த புத் பன்னாட்டுத் தளம் 5.125 கிலோமீட்டர் நீளமும் 16 வளைவுகளும் கொண்டது. அவ்வாண்டு வெளிவந்த 'எஃப்1 2011' விளையாட்டிலும் அது இடம்பெற்றது. அதனை ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முயல்பவன் குழம்புவான். வளைவு வளைவாகப் பயில்பவன் தேறுவான். அதன்பின்னும் மழையில் அந்த இடம் முன்னே வரும். டயர் தேய்ந்தால் முன்னே வரும். முன்செல்லும் காரின் பின்னால் காற்றெதிர்ப்புக் குறைந்து வேகம் கூடினாலும் முன்னே வரும். நிலையான அடையாளம் ஒன்று இருந்தால்தான் அதிலிருந்து எவ்வளவு மாற்றுவது என்ற கணக்கும் பிறக்கும்.

இனி வண்ணக் கோட்டுக்கு வருவோம். 2005-இல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' செல்ல வேண்டிய வழியைப் பாதையிலேயே கோடாகக் காட்டியது. பச்சை என்றால் செல். சிவப்பு என்றால் பிரேக் அழுத்து. பின்னர் இது பல விளையாட்டுகளிலும் பரவியது. 2013-இல் கைபேசிக்கு வந்த 'ரியல் ரேசிங் 3' இன்னும் ஒரு படி சென்று, பிரேக்கைத் தானே அழுத்தும் உதவியையும் தந்தது.

புதிதாக வருபவனுக்கு இவை கைத்தாங்கல் என்பதை நான் மறுக்கவில்லை. குழந்தைக்கு நடைவண்டி வேண்டியதுதான். ஆனால் கல்லூரிக்கு நடைவண்டியில் வருவோமா? கோட்டைப் பார்த்தே ஓட்டுபவன் கோட்டை மட்டுமே பார்க்கிறான். பலகையும் மரமும் ஓரக்கல்லும் அவன் கண்ணில் படுவதில்லை. நூறு சுற்று ஓடியபின் கோட்டை எடுத்துவிட்டால் முதல் வளைவிலேயே மணலில் போய் விழுகிறான். பாடநூலைத் திறக்காமல் வினா-விடைக் கையேட்டை மட்டும் உருப்போட்டுத் தேர்வுக்கு வருபவனின் நிலையும் இதுதான். வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டால் அவன் பேனா நின்றுவிடுகிறது. தானே தேடி, தவறி, திருத்திக் கண்ட அடையாளமோ மறப்பதில்லை.

இவ்வாறு ஆடுவதால் வாழ்வில் பயன் உண்டா? 2008-இல் தொடங்கிய 'ஜிடி அகாதமி' என்னும் போட்டி, 'கிரான் டூரிஸ்மோ' விளையாட்டில் சிறந்தவர்களைத் தேர்ந்து நிஜப் பந்தயத்திற்குப் பயிற்றுவித்தது. 2011-இல் அதில் வென்ற பிரிட்டன் இளைஞர் யான் மார்டன்பரோ, 2013-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் அணியினருடன் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்றார். நிஜக் காரைத் தளத்தில் ஓட்டிப் பழகப் பெரும் பணம் வேண்டும். நம் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாக் கனி. திரையில் பயில்வது எட்டும் கனி. ஆயினும் நாமெல்லாம் பந்தய வீரராகப் போவதில்லை. நமக்குக் கிடைக்கக்கூடியது கவனித்துப் பார்க்கும் கண்ணும், அளந்து முடிவெடுக்கும் பழக்கமும்தான். அவை சிறியவையல்ல.

ஆனால் மாணவ நண்பர்களே, ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். பந்தயத் தளத்தின் அடையாளம், 'இதற்கு மேல் தாமதிக்க முடியாது' என்னும் கடைசி இடம். பொதுச் சாலையில் அத்தகைய கடைசி இடத்தைத் தேடவே கூடாது. தளத்தில் எல்லாரும் ஒரே திசையில் செல்கிறார்கள். நாற்பதாவது சுற்றிலும் அதே வளைவு, அதே பாதை. ஒன்பதாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மூணாறு நோக்கிச் செல்லும் சாலையில் நேற்று வெறுமையாக இருந்த வளைவில் இன்று யானை நிற்கலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் பலகைகள் இருக்கின்றன. எதிரே பேருந்து வருகிறதா என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் இருசக்கர வண்டி, ஆபத்தை உணர ஒரு வினாடி ஆகி, பின்பு நல்ல பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 23 மீட்டர் வேண்டும் என்றால், 80 கிலோமீட்டரில் அதே வண்டிக்கு 70 மீட்டருக்கு மேல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரம் அதைவிடக் குறைவாக இருந்தால் எத்தகைய திறமையும் காப்பாற்றாது. சாலையில் நம் அடையாளம் ஒன்றே ஒன்று. கண் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். மலைப்பாதையில் நாள்தோறும் பேருந்து ஓட்டும் ஓட்டுநர்களைக் கவனியுங்கள். வளைவு தெரிவதற்கு முன்பே கியரைக் குறைத்து, ஒலி எழுப்பி, மெல்லத் திரும்புகிறார்கள். பாதையை நம்மைவிட நன்கறிந்தவர்கள்தாம் அவர்கள்; ஆயினும் முன்கூட்டியே அடங்குகிறார்கள்.

திரையில் கோட்டை அணைப்போம். கண்ணைத் திறந்து அடையாளம் தேடுவோம். மீட்டர் மீட்டராகத் துணிவோம். அங்கே பிழைத்தால் மீண்டும் தொடங்கலாம். சாலையில் மறுதொடக்கம் இல்லை. வண்டிச் சாவியைக் கையில் எடுக்கும்போது அந்தத் துணிவைத் திரையிலேயே விட்டுவிட்டு, கவனத்தை மட்டும் உடன் எடுத்துச் செல்வோம்.